மழையில்லாமல் ஏறிய தண்ணீர்

என் லட்சுமிக்கு,

நீ போய் நாளையோடு ஒரு வருடம். நானும் நம் மகள் சரோஜாவும் நம் ஊர் கெலமங்கலத்துக்கு வந்து பத்து மாதமாகிறது. உன் அண்ணன் வீட்டுக் களியை இப்போது முகம் சுளிக்காமல் விழுங்குகிறாள். தெருப் பிள்ளைகளோடு தெலுங்கிலும் சண்டை போடுகிறாள்.

பினாங்குக் கடற்கரையில் நடந்ததை இன்னும் யாரிடமும் முழுதாகச் சொல்லவில்லை.

ஊர் திரும்பும் கப்பலுக்கு இரண்டு நாள் இருந்தது. ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இருபது வருடம் பாடம் சொல்லி ஓய்வுபெற்ற நான், கடலோரம் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. "ஊருக்குப் போறதுக்குள்ள கடல் பாக்கணும்ப்பா" என்றாள் சரோஜா. அவளுக்கு ஏழு வயது. விடுதியில் திருட்டு பயம் என்று பாஸ்போர்ட்டும் கப்பல் சீட்டும் இருந்த பையை நீ கூடவே எடுத்துவந்தாய். ஈர மணலில் நடந்துபோய் ஒரு பாறைமேல் கட்டுச்சோற்றைப் பிரித்தோம், ஊரில் நம் ஏரிப் பாறையில் உட்காருவதைப் போல.

"ஏங்க, தண்ணி கிட்ட வருது."

"மழை பெய்யாம ஏரியில தண்ணி ஏறுமா? மழை எங்க, காட்டு பாக்கலாம்!"

"ஆமா, வாத்தியாருக்குத் தெரியாததா!" என்று சிரித்தாய். ஆனால் சோற்று மூட்டையைக் கட்ட ஆரம்பித்தாய். நான் இன்னொரு உருண்டை கேட்டேன்.

கடல் நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்கும் என்று நானே கரும்பலகையில் எழுதிப்போட்டவன். அன்று நினைவுக்கு வந்தது ஏரிதான்.

அந்த உருண்டையைத் தின்று முடிப்பதற்குள் நடந்துவந்த மணலைக் காணோம். இறங்கிக் கரையைப் பார்த்து நடந்தோம். இடுப்பளவு, பிறகு மார்பளவு. சரோஜா என் தோளில், பை உன் தலையில். அலை என்னைச் சாய்த்தபோது குழந்தை நழுவினாள். நீ இரண்டு கையாலும் அவளைப் பிடித்தாய். பையைப் பிடிக்க மூன்றாவது கை ஏது?

கப்பல் நம்மை விட்டுப் போயிற்று. புதுக் காகிதங்கள் வர ஏழு மாதம் ஆனது. ஐந்தாம் மாதமே காய்ச்சல் உன்னை எடுத்துக்கொண்டது. "ஊர் மண்ண மிதிச்சா சரியாப் போயிடும்" என்றாயே தவிர, என் ஏரியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஏன் லட்சுமி? திட்டியிருக்கலாமே.

நேற்று நம் ஏரிப் பாறையில் உட்கார்ந்திருந்தோம். "அப்பா, தண்ணி ஏறுது" என்றாள் சரோஜா. வானத்தில் ஒரு மேகம் இல்லை. அதே பழைய பதில் வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டு, அவள் கையைப் பிடித்துக் கரையேறினேன். துணி துவைத்தவர்கள், "என்ன வாத்தியாரே, ஏரிக்கே பயமா?" என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

இனி அவள் பயந்து ஒன்று சொன்னால், முதலில் எழுந்துவிடுவேன். உதாரணமெல்லாம் கரைக்கு வந்த பிறகுதான். இது உனக்கு என் வாக்கு.

நீ பிடித்துக் கொடுத்த சரோஜாவின் அப்பா,
உன் வீட்டுக்காரன்.