கொள்ளை ஈக்கு அடித்த மருந்து

செவ்வாய், இரவு. செங்கல்பட்டு.

அண்ணன் இந்த ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடக்கக் காரணம் நடேசன்தான். படாளத்தில் அவருடைய வேர்க்கடலைக் கொல்லையில் அண்ணன் சேகர் கூலி வேலை செய்கிறான்.

காலையில் அவனுக்குச் சோறு கொண்டுபோனேன். நடேசனின் தேனீப் பெட்டிகளுக்குப் பக்கத்தில், குச்சி நுனியில் தாடி வைத்த ஈ ஒன்று உட்கார்ந்திருந்தது. பறந்த தேனீயை அந்தரத்திலேயே பிடித்து, அதே குச்சிக்குத் திரும்பி, குத்தி உறிஞ்சிவிட்டுச் சக்கையைக் கீழே போட்டது.

"இன்னாமா இது? நீ பூச்சி படிப்புதான படிச்சிகினு கீற?" என்றார் நடேசன்.

"கொள்ளை ஈங்க. ஏதோ நாலு தேனீயத் துன்னும். ஆனா இதோட குஞ்சுப் புழு, மண்ணுல கடலை வேரைக் கடிக்கிற புழுவத் துன்னும். வுட்ருங்க."

"ஈக்கு நீ வக்கீலா? டேய் சேகரு, அடிடா மருந்த!"

எதிர்க்காற்றில் அண்ணன் மருந்தடித்தான். முகத்தில் கட்ட ஒரு துணிகூட இல்லை. ஈ எழுந்து வேறு குச்சிக்குப் போய்விட்டது. மதியம் பெட்டி வாசலில் தேனீக்கள் குவிந்து செத்துக் கிடந்தன. சாயங்காலம் அண்ணன் வாந்தி எடுத்தான். வாயிலிருந்து எச்சில் வழிவது நிற்கவே இல்லை.

என்ன மருந்து என்று டாக்டர் கேட்கிறார். அண்ணனுக்குத் தெரியாது. நடேசன் எப்போதும்போல் வீட்டிலேயே கலந்து, தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்திருக்கிறார். அண்ணனின் மூச்சுச் சத்தம் மாறும்போதெல்லாம் எழுதுவதை நிறுத்திப் பார்க்கிறேன்.

நடேசன் போனை எடுக்கவில்லை. மெசேஜில் நீல டிக் விழுந்துவிட்டது. மறுபடியும் அனுப்பியிருக்கிறேன்.

"டப்பாவ ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. மருந்து பேர் மட்டும் சொல்லுங்க."