மதலேனாள் கறுப்பைக் கழற்றுகிறாள்

புரோசார்ட்
21 தை 2024

அன்புள்ள ஜெயனிக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நானும் மகள் நிருஷாவும் சுகம். நீயும் மகன் டிலக்ஷனும் இந்தக் குளிருக்குள் கவனமாயிருங்கோ. போனில் கதைத்தால் நான் சத்தம் போட்டுவிடுவன், அதுதான் எழுதிறன்.

நீ எழுதித் தந்த நாவலை வாசித்து முடித்தன். விக்டோரியா இராணி காலத்து மன்னார் அரிப்புக் கரை, முத்துக்குளிப்பு, மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுகிற பெண் என்று நல்லாய்த்தான் கட்டியிருக்கிறாய். லண்டன் கப்பற்காரரின் கொச்சைப் பேச்சுக்கு வாய்விட்டுச் சிரித்தன். வாயாடிப் பெண்ணை அந்தக் காலத்தில் 'கோயில் மணி' என்பினமாமே. எங்கட பங்குக் கோயிலிலும் அப்படிச் சில மணிகள் இருக்கு.

ஆனால் அந்தக் கறுப்புச் சட்டை அத்தியாயம்? உன்ர மதலேனாள் புருஷனைக் கடலுக்குக் குடுத்தவள். துரையின் மனைவி அவளுக்குக் கறுப்புச் சட்டை தைத்துக் கொடுத்து, ரெண்டு வருஷம் நகை போடாதே, விருந்துக்குப் போகாதே என்று வெள்ளைக்காரர் முறையில் துக்கம் காக்கப் பழக்கிறாள். இவளோ கொஞ்ச மாதத்தில், சனம் பார்க்க, அதைக் கழற்றி எறிந்துபோட்டுச் சிவப்புச் சேலையோடு கடலுக்குள் இறங்குகிறாள்.

என்ர தம்பி, உன்ர மனுஷன் பற்றிக், செத்து இன்னும் ரெண்டு வருஷம் ஆகவில்லை. பங்குச் சனம் இதை மதலேனாளின் கதை என்றா வாசிக்கும்?

அந்தப் பெண்ணை வெள்ளைக்காரி ஆக்கிவிடு. வெள்ளைக்காரி எதைக் கழற்றினாலும் ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டினம். வெளியீட்டுக்குப் பங்கு மண்டபத்தை நானே சுவாமியாரிடம் கேட்டு எடுத்துத் தாறன்.

உன்ர நன்மைக்குச் சொல்லும்
அக்னெஸ் மச்சாள்

லொங்குய்ய்
4 மாசி 2024

அன்புள்ள மச்சாளுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. டிலக்ஷனுக்குத் தடிமன் காய்ச்சல் மாறிவிட்டது. நீங்கள் அனுப்பிய பயற்றம் பணியாரத்தை அவன் எனக்குத் தராமலே முடித்துவிட்டான்.

அந்தக் கப்பற்காரரின் சொற்களெல்லாம் எங்கே கிடைத்தன என்று உங்களுக்குச் சொன்னதில்லை. இவருக்கு இரத்தம் சுத்திகரிக்கிற நாட்களில், அந்த மெஷினுக்குப் பக்கத்தில் இருந்து வாசிக்க நூலகத்தில் ஒரு தடித்த அகராதி எடுத்தேன். விக்டோரியா காலத்துத் தெருப்பேச்சு அகராதி. ஒவ்வொரு சொல்லாய் இவருக்குச் சொல்லுவேன். துறைமுகத்தில் கொண்டெய்னர் இழுத்த மனுஷன், கதிரையில் கட்டுண்டு கிடந்து சிரிப்பார். தைரியசாலியை அந்தக் காலத்தில் செங்கல்லோடு சேர்த்துச் சொல்லுவினமாம். அதைக் கேட்ட நாளிலிருந்து ஊசி குத்த வரும் தாதியை இவர் 'செங்கல்காரி' என்றுதான் கூப்பிட்டார். நாவலில் கப்பற்காரர் மதலேனாளை அப்படிக் கூப்பிடுவது அங்கிருந்து வந்தது.

கறுப்பைக் கழற்றச் சொன்னதும் அவர்தான் என்று எழுதினால் உங்களுக்கு ஆறுதலாயிருக்கும். அவர் சொல்லவில்லை. வாசித்திருந்தால் கோபித்தும் இருப்பார். நான் அப்பவும் எழுதியிருப்பேன்.

வெள்ளைக்காரியின் துக்கத்தை எழுத எத்தனையோ பேர் இருக்கினம். கையுறையை எப்ப கழற்றுவது, எத்தனை மாதத்துக்குப் பிறகு சாம்பல் நிறம் உடுக்கலாம் என்ற ஒழுங்கெல்லாம் நான் தேடித் தேடிப் படித்தேன். எங்கட பெண் ஒருத்தி அதைப் பார்த்து "மாட்டன்" என்று சொல்லவேண்டும் என்பதற்காகத்தான் படித்தேன். அவள் மன்னார்க்காரி. அப்படியே இருப்பாள்.

அன்பு மாறாத
ஜெயனி

புரோசார்ட்
18 மாசி 2024

ஜெயனிக்கு,

மண்டபம் இல்லை. பங்குக் குழுக் கூட்டத்தில் வேண்டாம் என்று முதல் கை தூக்கினது நான்தான். வேறு ஆட்கள் சொல்லி நீ அறியக்கூடாது.

எனக்கு முப்பத்தொரு வயதில் என்ர மனுஷன் போனவர். பெட்டியில் வைத்த நிறச்சேலைகளை நான் திரும்பத் தொட்டதில்லை. எனக்கு ஆசை இல்லாமலா? செத்தவருக்கு ஒரு மரியாதை இருக்கு. நீ அதைப் புத்தகம் போட்டுச் சிரிக்கிறாய்.

அந்த அத்தியாயத்தோடு புத்தகம் வந்தால் உயிர்த்த ஞாயிறுக்கு என்ர வீட்டுக்கு வராதே. பிள்ளையை மட்டும் அனுப்பு.

அக்னெஸ்

லொங்குய்ய்
27 மாசி 2024

அன்புள்ள மச்சாளுக்கு,

இங்கே நூலகத்தில் ஒரு அறை தந்திருக்கிறார்கள். மஞ்சள் லைன் மெட்ரோவில் இறங்கி நடக்கலாம். பங்குனி பதினாறு, சனி பின்னேரம். அந்த அத்தியாயத்தைத்தான் வாசிக்கப்போகிறேன். சிவப்புச் சேலைதான் உடுப்பேன்.

நான் உங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. நீங்கள் காத்த துக்கத்தை ஒருநாளும் குறைத்து நினைத்ததும் இல்லை. அது உங்களுடையது. என்னுடையதை எப்படிக் காப்பது என்று ஒரு குழு கை தூக்கித் தீர்மானிக்க நான் விடமாட்டேன்.

உயிர்த்த ஞாயிறுக்கு டிலக்ஷன் வருவான். என்னையும் கூட்டிக்கொண்டுதான் வருவானாம். வாசலில் நிறுத்துவது உங்கள் விருப்பம்.

ஜெயனி

புரோசார்ட்
24 பங்குனி 2024

ஜெயனிக்கு,

நான் வரவில்லை. வருவன் என்று நீயும் நினைத்திருக்கமாட்டாய். நிருஷா எனக்குச் சொல்லாமல் வந்திருக்கிறாள். நீ வாசிக்கத் தொடங்கின உடனே முன்வரிசைச் சனம் எழும்பிப் போனதாம். கதவு சாத்துகிற சத்தம் ஓயுமட்டும் பொறுத்து நின்று, பிறகு விட்ட இடத்திலிருந்து வாசித்தாயாம். பற்றிக்கும் சின்னனில் இதே பிடிவாதம்தான்.

அவள் வாங்கி வந்த புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அந்த அத்தியாயத்தைத் திரும்ப வாசித்தன். இப்பவும் நீ செய்தது பிழை என்றுதான் சொல்லுவன்.

ஒன்று கேட்கவேணும். மதலேனாள் கடலுக்குள் போகும்போது அவளின்ர மச்சாள் கரையில் வெள்ளைச் சேலையோடு நிற்கிறாள். கத்துகிறாள், பிறகு கத்தவில்லை. அவ்வளவுதான். ஒரு வரியோடு அவளை விட்டுவிட்டாய். ஒரு பெயர்கூட வைக்கவில்லை.

ரெண்டாம் பாகம் எழுதினால் அவளையும் கடலுக்குள் இறக்கு. அவளுக்கும் நீந்தத் தெரியும்.

உயிர்த்த ஞாயிறு பகல் சாப்பாட்டுக்கு ரெண்டு பேரும் வாங்கோ.

கோபம் ஆறாத
அக்னெஸ் மச்சாள்