ஐம்பது சிசி எஞ்சின்

வடிவு,

ரேடியோ ரிமோட்டில் ஓடுகிற உன் காரின் அச்சை முறித்தது நான்தான். நேற்று நீ கேட்டபோது வாய் திறக்கவில்லை.

மருந்தடிக்கிற மெஷினின் முப்பத்தைந்து சிசி எஞ்சின் போதும் என்றாய். ஹார்பரில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டுகிற எனக்கு அது பொம்மையாகத் தெரிந்தது. நீ காலேஜ் போனதும் மொபெட்டின் ஐம்பது சிசியை மாட்டி உப்பளத்தில் ஓட்டினேன். கனம் தாங்காமல் அச்சு போய்விட்டது.

உன் எஞ்சினையே திரும்ப மாட்டிவிட்டேன். புது அச்சு கடைய முத்தையாபுரம் லேத் பட்டறைக்குப் போகிறேன், நாலு மணிக்குள் திரும்பிவிடுவேன். கார் பார்க்க உன் வாத்தியார் நாலு மணிக்கு முந்தியே வந்துவிட்டால் காப்பி கொடு, அப்பா முறித்தார் என்று சொல்.

சாளைமீன் குழம்பு சட்டியில் இருக்கிறது. நேற்றுமாதிரி பட்டினி கிடக்காதே.

அப்பா

இன்னொன்று. "ஏளா, பொம்பளப்பிள்ளைக்கு எஞ்சினப் பத்தி என்னத்தத் தெரியும்?" என்று வின்ச் ஆட்கள் முன்னால் கேட்டேனே, அவர்களையும் நாலு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். தப்பு என்மேல்தான் என்று அவர்கள் முன்னாலேயே சொல்கிறேன்.