உன் அறையைப் பூட்டியிருக்கிறேன்

அக்கா,

நடைப்பயிற்சி முடித்து வந்ததும், ஷூவைக் கழற்றுவதற்கு முன் இதைப் படி. உன் அறையைப் பூட்டிவிட்டேன். சாவியை பஸ் டிப்போவுக்கு என்னோடு எடுத்துப் போகிறேன்.

"டாக்டர் சொன்ன எதையும் நீ செய்யறதில்ல" என்று நேற்று உன்னிடம் கத்தினேன். அதனால் இன்று காலை உன் அறையிலிருந்து மூச்சுப் பயிற்சி செய்யும் சத்தம் கேட்டதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உதட்டைக் குவித்து நீளமாக ஊதுவாயே, அதே சத்தம். "மெதுவா பண்ணுக்கா, அவசரமில்ல" என்று கதவருகே நின்று சொன்னேன்.

பிறகு சட்டை எடுக்க பால்கனிக்குப் போனேன். கீழே, தையல்கடை வாசலில் நீ நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாய்.

உள்ளே ஊதுவது நிற்கவில்லை. திறந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இதற்காகப் பயிற்சியை விட்டுவிடாதே. நீ இப்போது நிற்காமல் மாடியேறுவதே அதனால்தான். சாயங்காலம் பிசியோதெரபி அம்மா வந்தால் ஹாலிலேயே உட்கார்ந்து செய்யுங்கள். உன் இன்ஹேலர் ஹால் ஜன்னலோரம் இருக்கிறது. சூப் அடுப்பின்மேல் இருக்கிறது. உப்பு குறைவுதான், என்னைத் திட்டாதே.

நேற்று கத்தியது தப்புதான்.

இதையும் சொல்லிவிடுகிறேன். பூட்டும்போது உள்ளிருந்து உன் குரல், "நீயும் வாடா, சேர்ந்து பண்ணலாம்" என்று கூப்பிட்டது. நான் போகவில்லை. அறைக்குள்ளிருந்து என் குரலில் உன்னைக் கூப்பிட்டால் நீ பதில் பேசாதே. நான் வந்தால் வாசல் மணியை அடிப்பேன்.