நானூற்று முப்பதும் அறுநூற்றுப் பத்தும்

2013 செப்டம்பர் 9, திங்கள்

ஹஃபீலாவின் கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். மருதோன்றிச் சடங்கு. திடீரென்று மணப்பெண்ணின் முகமெல்லாம் பச்சைக் கோடு. அடுத்த நிமிடம் திரையே கறுப்பு. நிறுத்திப் போட்டேன், தட்டினேன், ஓதி ஊதியும் பார்த்தேன். ஒன்றுமில்லை.

என்னைக் கட்டிய மாப்பிள்ளை நளீர் கருவாட்டு வியாபாரி. கொம்பியூட்டர் கடைக்காரன் ஃபாஹிமுக்கு இவர்தான் போன் எடுத்தார். "படம் காட்டுற கிராபிக்ஸ் காட் போயிரிக்கும் நானா, மெஷினைக் கொண்டாங்க" என்றானாம்.

கொண்டுபோவதா! பெண்கள் பக்கத்து வீடியோ முழுவதும் உள்ளே கிடக்கிறது. முக்காடில்லாமல் ஆடிய மாமிமார், பாடிய குமருப் பிள்ளைகள் — எந்த ஆணின் கண்ணிலும் படாது என்று வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் நான் கமராவையே தூக்குகிறேன். இவர்கூட என் வேலை அறை வாசலில் இருமிவிட்டுத்தான் நிற்பார். ஃபாஹிம் நல்ல பிள்ளைதான். அதற்காக? மெஷின் அவன் கடைப்படி ஏறியது தெரிந்தால் எங்கள் தில்லையடியில் எனக்கு இன்னொரு கல்யாணம் கிடைக்காது.

செப்டம்பர் 10

ஹஃபீலாவின் உம்மா சித்தி ஸுலைஹா வந்தார். மகள் வருகிற ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு மாப்பிள்ளையோடு கட்டாருக்குப் போகிறாளாம். அதற்கு முன் வீடியோ வேண்டுமாம்.

"என்ட கல்யாணப் படம் ஒண்டுகூட இல்ல மகள். தொண்ணூறுல மன்னாரால எங்கள வெரட்டக்குள்ள எல்லாம் ஊட்டோட போயிட்டு. இவள்டயாவது இரிக்கட்டும்."

இன்ஷா அல்லாஹ், தருவேன் என்று சொல்லிவிட்டேன். என்ன துணிச்சலில் சொன்னேன்? 

செப்டம்பர் 11

இவர் புத்தளம் டவுனுக்குப் போய்ப் புதுக் காட் வாங்கி வந்தார். பெட்டி மேல் படத்தில் வாளோடு ஒரு பெண் நிற்கிறாள். முக்காடு அவளுக்கும் இல்லை. கடைத்தெரு முழுக்க அவளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"பழசு ஜீடீ 430. இது ஜீடீ 610. நூத்தியெண்பது கூட! பழசு ஒரு ஜீபீ, இது ரெண்டு ஜீபீ! வேற என்ன வேணும் உங்களுக்கு?"

காட்டை நான்தான் மெஷினுக்குள் பூட்டினேன். ஃபாஹிம் போனில் சொல்ல, இவர் கதவுக்கு வெளியே நின்று அதை எனக்கு உரத்துச் சொல்ல, நான் உள்ளே திருப்புளியோடு மல்லுக்கட்ட... திரை செத்துக் கிடக்கிறது, அதில் ஒரு மாமியும் தெரியப்போவதில்லை. இருந்தாலும் இவர் உள்ளே வரவில்லை.

படம் வந்தது! இவர் கதவுக்கு வெளியே நின்றே தன்னை மெச்சிக்கொண்டார்.

செப்டம்பர் 12

புதுக் காட் ஒரு நத்தை. நத்தைகூட இல்லை. முன்பு சோறு வடிக்கிற நேரத்தில் முடிகிற வீடியோத் துண்டு, இன்று பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்தும் பாதியில் நிற்கிறது. இந்தப் போக்கில் போனால் ஹஃபீலாவுக்குப் பிள்ளை பிறந்த பிறகுதான் வீடியோ கொடுக்கலாம்.

செப்டம்பர் 13, வெள்ளி

இவர் ஜும்ஆவுக்குப் போன நேரம் இணையத்தில் இரண்டு காட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

பழைய 430: கணக்குப் போடுகிற கோர் 96. நினைவகத்துக்குப் போகிற பாதை 128 பிட் அகலம். ஒரு செக்கனுக்கு 28.8 ஜீபீ கடத்தும்.

புது 610: கோர் 48. பாதை 64 பிட். கடத்துவது 14.4.

பாதி! எல்லாமே சரிபாதி! காசு கொடுத்துப் பாதியை வாங்கி வந்து அதற்கு ஒரு பெருமை வேறு. எனக்கு வந்த ஆத்திரத்தில் வாள்காரியின் பெட்டியைத் தூக்கி அலுமாரிக்கு மேல் எறிந்தேன்.

செப்டம்பர் 14

சாப்பிட உட்கார்ந்ததும் தொடங்கினேன். முதல் இலக்கம் எத்தனையாவது பரம்பரை என்று மட்டும்தான் சொல்லும், வலு எவ்வளவு என்பது அடுத்த இரண்டில் இருக்கிறது. 430 நாலாம் பரம்பரையில் முப்பது, 610 ஆறாம் பரம்பரையில் வெறும் பத்து என்றேன். இவர் கறியைப் பிசைந்தபடி, "ரெண்டு ஜீபீ இரிக்கே?" என்றார்.

"நீங்க கருவாடு அடுக்கி வெச்சிரிக்கிற வாடி எவ்வளவு பெரிசு?"

"அது பெரிய வாடிதான்."

"வாசல் ஒரு ஆள் நுழையிற அளவு எண்டு வைங்க. லொறி நிக்கிது. சாமானை எப்பிடி ஏத்துவீங்க?"

இவர் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு, "ஃபாஹிம் பொடியன் இதச் சொல்லல்லயே" என்றார். சொல்ல அவன் எங்கே பார்த்தான்? அவனுக்கும் 610 பெரிய எண்தான்.

வழக்கில் ஜெயித்தாகிவிட்டது. வீடியோ? அது அப்படியேதான் கிடக்கிறது. அழுகை வருது. சித்தி ஸுலைஹாட முகத்தில நான் எப்பிடி முழிக்கிற?

செப்டம்பர் 15, ஞாயிறு

பழைய 430ஐ எறியவில்லை. எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், மெஷினுக்குள் செருகுகிற அந்தத் தங்கப் பல் வரிசை முழுக்க மங்கிப் பச்சை பூத்துக் கிடக்கிறது. உப்புக்காற்று. எங்கள் வீட்டு யன்னல் கம்பியையே தின்கிற காற்று, இதை விட்டுவைக்குமா? பென்சில் அழிக்கிற றப்பரால் தேய்க்கும்படி யாரோ இணையத்தில் எழுதியிருந்தார். மகள் அப்ராவின் றப்பரை எடுத்துத் தேய்த்தேன். ஸ்ட்ரோபெரி வாசம் வந்தது. றப்பர் கறுத்தது. பல் பளபளத்தது.

பூட்டினேன். பிஸ்மி சொல்லி அழுத்தினேன்.

வந்துவிட்டது! ஹஃபீலா சிரிக்கிறாள், ஒரு கோடும் இல்லை! நான் போட்ட கூச்சலில் இவர் இருமாமலே ஓடி வந்து, சட்டென்று கண்ணைப் பொத்திக்கொண்டு கதவு நிலையில் இடித்துக்கொண்டார்.

செப்டம்பர் 16

ஓடுகிறது. பக்கத்தில் நின்று மூச்சுவிடவும் பயம்.

செப்டம்பர் 20

கொடுத்துவிட்டேன். ஆண்களை வெளியே அனுப்பிக் கதவைப் பூட்டிவிட்டுப் பெண்கள் எல்லோரும் பார்த்தார்கள். சித்தி ஸுலைஹா முதல் தரம் பேசாமல் பார்த்தார், இரண்டாம் தரம் அழுதார், மூன்றாம் தரம் தான் உடுத்திருந்த சாரி சரியில்லை என்றார்.

மெஷின் பழுதான கதையையும் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் ஒருத்தி என் கையைப் பிடித்துத் தனியே கூட்டிப்போனாள். "ராத்தா, என்ட லப்டொப்பும் அஞ்சு மாசமா ஓடுதில்ல. உள்ளுக்கு எங்கட படமெல்லாம் இரிக்கி. கடைக்குக் குடுக்க ஏலா..."

அக்டோபர் 24

இந்தக் கிழமை மூன்றாவது மெஷின். கற்பிட்டியிலிருந்து யூஜீனியா டீச்சர் சாரிப் பையில் போட்டுக் கொண்டுவந்தார். எல்லோருக்கும் ஒரே வாக்குத்தான்: பெட்டிக்குள் என்ன இருந்தாலும் என் வாயால் வராது. அப்ராவுக்கு ஒரு பெட்டி றப்பர் வாங்கிக் கொடுத்து அதில் பாதியை நானே எடுத்துக்கொண்டேன்.

டிசம்பர் 5

இன்று வந்தவள் றுமைஸா. கடைக்காரன் ஃபாஹிமின் பெண்சாதி! வீட்டு மெஷினைத் தொழுகைச் சால்வையில் சுற்றி முச்சக்கர வண்டியில் கொண்டுவந்தாள். "நாளைக்கு நாளைக்கு எண்டு மூணு மாசம் ராத்தா. ஊரார்ட மெஷினெல்லாம் பாக்கிறாரு" என்றாள். அஸருக்கு முன் ஓடவைத்துக் கொடுத்தேன்.

மஃரிபுக்குப் பிறகு ஃபாஹிம் போன் எடுத்தான். இவர்தான் தூக்கினார்.

"நானா, ராத்தாட்ட கேளுங்களன், எங்கட மெஷின்ல என்ன பழுது எண்டு? நான் பாத்தும் புடிபடல்ல."

இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதெல்லாம் கஸ்டமர்மார்ட விசயம், தம்பி. நாங்க வெளிய சொல்றல்ல."

போனை வைத்துவிட்டுக் கதவை ஒரு தரம் பார்த்தார், கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டார், மெதுவாகக் கேட்டார்: "என்ன பழுது?"

நான் சொல்லவில்லை.