கை ஆட்டிய குற்றம்

அன்புள்ள லவோன்,

நான் நலம். முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது. உன் இடுப்பு வலி எப்படி?

ஞாயிறு ஆட்டத்தை டிவியில் பார்த்திருப்பாய். எங்கள் அமெரிக்கன் ஃபுட்பாலில், எதிரணி உதைத்த பந்து வானத்தில் இருக்கும்போது அதைப் பிடிப்பவன் கையைத் தூக்கி ஆட்டினால், 'ஓடமாட்டேன், மோதாதீர்கள்' என்று அர்த்தம். பதினோரு வருஷமாக அந்தப் பந்தைப் பிடித்து ஓடுவதுதான் என் பிழைப்பு. என் பிறந்தநாளுக்குத்தான் வரவில்லை, டிவியிலாவது கையாட்டு என்று நம் மகள் கமீல் கேட்டாளே, அந்த நினைப்பில் ஆட்டிவிட்டு, பந்தைப் பிடித்துக் எதிரணியின் எல்லைக் கோடு வரைக்கும் ஓடினேன். செல்லாது என்றார் நடுவர். தோற்றோம். எனக்காக முட்டி மோதி வழி திறந்த பையன்கள் முகத்தைப் பார்க்கமுடியவில்லை.

"யாருக்குடா டாட்டா காட்டின?" என்றார் கோச்.

"ஈ ஓட்டினேன், கோச்."

"இந்தப் பனியிலயா? இனிமே பெஞ்சுல உக்காந்து ஓட்டு."

தடித்த காலுறை இரண்டு அனுப்பு. பஸ் கிளம்புகிறது. அப்பா ஏன் ஆடவில்லை என்று கமீல் கேட்டால், வயதாகிவிட்டது என்று சொல். அது முழுப் பொய்யுமில்லை.

உன்,
டேரியஸ்