நடத்தி முடித்த பாடம்

ஜூலை 8, திங்கள்

அரசியலமைப்பில் அடிப்படை உரிமைகள் பாடத்தை இன்று பதினோராம் வகுப்பில் முடித்தேன். புத்தகத்தில் ஆறாவதாக வருவது. சுலபமாக மதிப்பெண் அள்ளலாம் என்று நான்தான் முன்னால் இழுத்துப் போட்டேன். கைதானவரின் உரிமைகளை எழுதிப்போட்டதோடு நிற்காமல் நடித்தும் காட்டச் சொன்னேன். முதல் பெஞ்சில் ஒருத்தி இருக்கிறாள். நான் ஒன்று சொன்னால் ஒன்பது கேட்பாள். அதனால் 'வக்கீலம்மா' என்று பேர் வைத்திருக்கிறேன். அவள்தான் கைதானவள். "காரணத்தைச் சொல்லுங்க. என் வக்கீலைப் பாக்கணும். இருபத்திநாலு மணி நேரத்துக்குள்ள என்னை நீதிபதி முன்னாடி நிறுத்தணும்!" என்று அவள் போட்ட அதட்டலில் போலீஸாக நடித்தவள் அழுதேவிட்டாள். வகுப்பே சிரித்தது. நானும்தான்.

ஜூலை 11, வியாழன்

அரசாங்கத்தின் புது அவசர உத்தரவு வந்ததிலிருந்து வாரத்துக்கு ஒரு சுற்றறிக்கை. இன்று தலைமையாசிரியர் வாசித்தது: உரிமைகள் பாடம் இந்த ஆண்டு கிடையாது. யாரும் நடத்தக் கூடாது.

எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு மட்டும் வாய் சும்மா இருக்கவில்லை. "சார், நான் நடத்திட்டேனே."

கண்ணாடியைக் கழற்றினார். "நடத்தலைன்னு வெச்சுக்கோங்க."

"பிள்ளைங்க?"

"அவங்களையும் அப்படியே வெச்சுக்கச் சொல்லுங்க."

நடத்திய பாடத்தை எப்படித் திரும்ப வாங்குவது? இரவல் கொடுத்த குடையா அது?

ஜூலை 12, வெள்ளி

சொல்லிவிட்டேன். "அந்தப் பாடம் இல்லை. மறந்துடுங்க."

வக்கீலம்மா எழுந்தாள். "பாடம் இல்லையா டீச்சர், சட்டமே இல்லையா?"

"உட்காரு" என்றேன். தெரியாது என்பதுதான் உண்மை. தெரிந்துகொள்ளவும் பயம்.

மருந்துக்கடையைச் சாத்திவிட்டு வந்த என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். சாப்பாட்டில் வைத்த கையை எடுத்துவிட்டார். "வாயை வெச்சுக்கிட்டு சும்மா இரு. பின் தெருவுல கணக்கு வாத்தியாரைக் கூட்டிட்டுப் போனாங்களே, என்னாச்சு? எதுக்குன்னு அவர் பொண்டாட்டிக்கே இன்னும் தெரியலை."

ஜூலை 13, சனி

ஜன்னல்களைத் திறக்கவில்லை. வீடெல்லாம் புழுக்கம்.

ஜூலை 15, திங்கள்

வக்கீலம்மா பள்ளிக்கு வரவில்லை. சாயங்காலம் வீட்டுக்கே வந்துவிட்டாள், கூடவே அவள் அம்மா. நான் முதலில் தெருவைத்தான் எட்டிப் பார்த்தேன். பிறகுதான் அவர்கள் முகத்தை.

அச்சகத்தில் வேலை செய்யும் அவள் அண்ணனை நேற்றுக் காலை அங்கிருந்தே தூக்கிப் போயிருக்கிறார்கள். அம்மாக்காரி முந்தானையைக் கசக்கிக்கொண்டே இருந்தாள். பேசியதெல்லாம் இவள்தான்.

"ஏன்னு சொல்லலை டீச்சர். நீங்க சொன்ன இருபத்திநாலு மணி நேரம் தாண்டியாச்சு. ஸ்டேஷன்ல கேட்டா, அதெல்லாம் இப்ப இல்ல, போங்கன்னு சொல்றாங்க. நீங்க நடத்தினது நிஜமா, பொய்யா?"

தண்ணீர் கொடுத்தேன். "விசாரிச்சு நாளைக்குச் சொல்றேன்" என்றேன். நாளைக்கா! உள்ளே அடைபட்டிருப்பவனுக்கு இன்னொரு ராத்திரியை நான்தானே தூக்கிக் கொடுத்தேன்? வேறு என்னதான் செய்யட்டும்? நான் என்ன பெரிய வீராங்கனையா? கரப்பான் பூச்சிக்கே நாற்காலி மேல் ஏறுகிறவள்.



ஜூலை 16, செவ்வாய்

மதியம் அரை நாள் விடுப்பு. நீதிமன்றத்துக்குப் போய் ஒரு வக்கீலைப் பிடித்தேன். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார். "புது உத்தரவுல தடை கூட்டம் போடறதுக்கும் பத்திரிகைக்கும்தான் டீச்சர். கைது விஷயத்துல அரசியலமைப்பு அப்படியேதான் இருக்கு. யாரும் கேக்கறதில்லை, அவ்வளவுதான்."

"நீங்க வந்து கேப்பீங்களா?"

"எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு" என்று வழக்குக் கட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

ஆக, சட்டம் இருக்கிறது. பாடத்தைத்தான் எடுத்திருக்கிறார்கள். இது தெரியாமலே இருந்திருந்தால் வீட்டுக்குப் போய்ப் படுத்திருப்பேன். தெரிந்த பிறகு எங்கே போய்ப் படுப்பது?

வக்கீலம்மாவையும் அவள் அம்மாவையும் அழைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். "என்ன?" என்றார் அதிகாரி. எனக்கு ஒரு வியாதி உண்டு, ரொம்பப் பயந்தால் வகுப்புக் குரல் வந்துவிடும். இன்றும் வந்தது.

"எழுதிக்கோங்க" என்றேன். சத்தமாக.

மேஜையிலிருந்த காவலர் பேனாவை எடுத்தேவிட்டார்! எந்த டீச்சரிடம் படித்த பழக்கமோ. நான் சொல்லச் சொல்ல எழுதினார். "கைது செய்யப்பட்ட எவரையும், கமா, இருபத்துநான்கு மணி நேரத்துக்குள்..." கமா என்றுகூடச் சொன்னேன், பாவி!

"டீச்சர், இது கிளாஸ் இல்ல" என்றார் அதிகாரி.

"தெரியும் சார்" என்றேன். ஆனால் வாய் நிற்கவில்லை. முற்றுப்புள்ளி வரை சொல்லி முடித்தேன்.

அவர் கோபப்படவில்லை. அதுதான் பயம். பேர், பள்ளிக்கூடம், விலாசம் எல்லாம் நிதானமாகக் கேட்டார். கடைசியில், "வீட்ல வேற யாரு இருக்காங்க?" என்றார். "வீட்டுக்காரர், மருந்துக்கடை வெச்சிருக்கார்" என்று நானே சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்? ஏன் அதைப் போய்ச் சொன்னேன்?

ஜூலை 17, புதன்

அண்ணனைக் காலையில் நீதிபதி முன் நிறுத்தினார்களாம். வழக்கே இல்லை என்று அவர் அனுப்பிவிட்டாராம். உதடு வீங்கியிருக்கிறதாம், ஆனால் வீட்டில் இருக்கிறான். வக்கீலம்மா பள்ளி வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். யார் பார்க்கிறார்களோ என்று கையை விடுவித்துக்கொண்டேன். அப்படிச் செய்திருக்க வேண்டாம்.

மதியம் தலைமையாசிரியர் அழைத்தார். மறு உத்தரவு வரும்வரை நான் பள்ளிக்கு வரவேண்டாமாம். "உங்களைத் திட்ட எனக்கு வாய் வரலைம்மா. நானும் பயந்தவன்தான்" என்றார்.

ஜூலை 19, வெள்ளி

அதே அதிகாரி மருந்துக்கடைக்கு வந்திருக்கிறார். தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு, "டீச்சர் வீட்டுக்காரர் நீங்கதானா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போனாராம்.

"ஊர்ல வேற டீச்சரே இல்லையா? நீதான் போகணுமா?" என்று என் வீட்டுக்காரர் கத்தினார். கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் இப்படிக் கத்தியதில்லை. நானும் கத்தினேன். பிறகு இரண்டு பேரும் பேசவில்லை. அவருக்கு என் மேல் கோபம் இல்லை, பயம். எனக்கும் அதேதான்.

ஜூலை 21, ஞாயிறு

மதியமே கடையைச் சாத்திவிட்டு வந்தார். நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். எதிரில் பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இரண்டு நாளுக்குப் பிறகு அவர் பேசிய முதல் பேச்சு இது.

"அந்தப் பாடத்தை எனக்கும் ஒரு தடவை சொல்லு."

"எதுக்குங்க?"

"உன்னைக் கூட்டிட்டுப் போனா நான் போய் என்ன கேக்கணும்னு தெரிய வேண்டாமா?"

கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். அழுகை வந்தது, அழுதேன். பிறகு நடத்தினேன். ஆயிரம் மாத்திரையின் பேரைத் தூக்கத்தில்கூடச் சொல்கிற மனுஷனுக்கு இந்த மூன்று வரி மனதில் நிற்கவில்லை. காரணத்தைக் கேட்காமலே நீதிபதியிடம் தாவினார், வக்கீலை மறந்தே போனார். திருத்தினேன்.

தெருவில் ஏதோ வண்டி வேகத்தைக் குறைக்கிற சத்தம். இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். வண்டி போய்விட்டது.

"மறுபடியும் சொல்லுங்க" என்றேன்.

"முதல்ல காரணம்" என்று ஆரம்பித்தார்.